சீனியாய் உதிரும் பனி

பாதி தின்ற ஐஸ்கிரீம் டப்பாவை ஃபிரீசரில் ஒரு மாதம் மறந்துவிட்டுத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் ஊசி ஊசியாகப் பனி பூத்திருக்கும். கரண்டி பட்டால் சீனியைப் போலப் பொலபொலவென்று உதிரும். ஒரு துகள் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளாது.

கோலாலம்பூர், செந்தூல் வீட்டில் இதைக் காட்டித்தான் அக்காவுக்குப் பனிச்சரிவை விளக்கினேன். அவள் மகன் கனடாவில், கால்கரியில் படிக்கிறான். லீவு கிடைத்தால் நண்பர்களோடு ராக்கி மலைக்குப் போய், சறுக்கு மையங்களுக்கு வெளியே, ஆள் காவல் இல்லாத சரிவுகளில் பனிச்சறுக்கு விளையாடுகிறான். அவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும்தான்.

டப்பாவில் நடந்தது இதுதான்: ஐஸ்கிரீமிலிருந்து கிளம்பும் நீராவி, அதைவிடக் குளிர்ந்த மூடியில் பட்டு, தண்ணீராகாமலே பனியாகிறது. மலையிலும் அப்படியே. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 என்று வையுங்கள். நடுவில் அரை மீட்டர் பனிதான் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 4 டிகிரி வித்தியாசம். 1 டிகிரியைத் தாண்டினாலே போதும், ஆவி கீழிருந்து மேலேறி, நுண்ணிய பனித்துகள்களை முனை முனையான பெரிய மணிகளாக மாற்றிவிடும். மூன்று மீட்டர் பனி இருந்தால் இது இவ்வளவு வேகமாக நடக்காது. ஆகவே, பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்பது தப்புக் கணக்கு. ராக்கி மலையின் பெரிய தொல்லையே இந்த மெல்லிய பனிதான்.

அப்புறம் புயல் வரும். காற்று புதுப் பனியை அடித்து இறுக்கி, அந்தச் சீனி மணிகளின்மேல் கெட்டியான பலகையாக்கும். பார்க்க அழகாக, உறுதியாக இருக்கும். ஒருவர் அதில் ஏறும்போது அடியில் உள்ள மணிகள் நொறுங்கி, 'வும்ப்' என்று அமுங்கிய சத்தம் கேட்கும். விரிசல் கண்மூடித் திறப்பதற்குள் பக்கவாட்டில் ஓடி, பலகை முழுசாகக் கழன்றுகொள்ளும். அவர் அதன் நடுவில் நிற்பார். உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, சிக்கியவரோ கூட வந்தவரோ மிதித்துக் கிளப்பியவை. கத்தினால் பனி சரியும் என்பது சினிமாக் கதை.

சாய்வு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால்தான் பெரும்பாலும் இது நடக்கும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் போனால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் நண்பன்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பவும், புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கவும் உதவும் டிரான்சீவர் என்ற சிறு கருவி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வாரி மூன்றையும் சுமக்கிறார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நிமிடங்கள் வீணாகும்.

போன வாரம் அவன் வீடியோவில் கூப்பிட்டான். பனியில் இடுப்பளவு குழி தோண்டி, அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினான். விரலிடுக்கில் மணி மணியாக ஒழுகியது.

"சீனி மாதிரியே கொட்டுது, மாமா. இன்னிக்கு இங்க ஏறல. கீழ சாய்வு கம்மியான பக்கம் போறோம்."

போனை அக்காவிடம் கொடுத்தேன்.