தெம்புக்கு ஏற்றும் குளுக்கோஸ், இரைப்பை அறுவை செய்தவருக்கு ஏன் ஆபத்து?

"எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன் பண்ணி ஆறு வாரம் ஆகுதுங்க. பனியன் கம்பெனியில டெய்லர் வேலை. சாப்பிட்டா வாந்தி வருது, அசதியா இருக்கு. தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிரலாமுங்களா?" திருப்பூரிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது.

முதலில் வேலை. லேப்ராஸ்கோப்பியில் வெளிக்காயம் சில சிறு துளைகள்தான். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்புகிறார்கள். துணிக்கட்டு சுமப்பவரும் விசைத்தறியில் பாவு ஏற்றுபவரும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்கினால் துளை வழியே குடல் பிதுங்கலாம். இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு, அங்குள்ள மருத்துவர் சான்று கொடுத்தால், கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அவசரப்பட்டு ஒன்றரை ஷிப்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளையில் தொடங்குகிறது. ஸ்லீவ் என்னும் இரைப்பைக் குறைப்பு அறுவையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுக்கிறார்கள். மிஞ்சும் குழாய் 100, 150 மில்லிதான் கொள்ளும். பெல் அடிப்பதற்குள் சோற்றை அள்ளிப் போட்டு, மேலே தண்ணீரும் குடித்தால் வாந்திதான். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் வேண்டும். தண்ணீர், சாப்பிட்டு அரை மணி கழித்து, மிடறு மிடறாக. மெதுவாகச் சாப்பிட்டும் வாந்தி நிற்கவில்லை என்றால் குழாய் குறுகியிருக்கலாம். அறுவை செய்தவரிடமே எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

இப்போது குளுக்கோஸ். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் மொத்தமே 25, 30 மில்லிகிராம்தான் இருப்பு. நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் செலவாகிறது. வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரத்தில் இருப்பு வற்றிவிடும். புழுங்கல் அரிசியில் இந்தச் சத்து உண்டு. காங்கயம் பக்கத்து ஆலைகளில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். எத்தனை அழகான வேதியியல்! ஆனால் நான்கு கரண்டி சோறும் வாந்தியில் போனால் அதுவும் உதவாது.

செல்லுக்குள் குளுக்கோஸ் முதலில் பைருவேட் ஆக உடைகிறது. அந்தப் பைருவேட், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்தால்தான் முழு ஆற்றல் கிடைக்கும். அதை எரிப்புக்குத் தயார்செய்யும் நொதி, தயமின் துணை இல்லாமல் இயங்காது. நொதி நின்றால், கேட் திறக்க ஆளில்லாத மில் வாசலில் பஞ்சு லாரிகள் வரிசைகட்டுவது போலப் பைருவேட் குவிந்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. இந்த நிலையில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால், அதைக் கையாளவே மிச்சமிருந்த தயமினும் தீர்ந்துபோகும். குளுக்கோஸையே நம்பி வாழும் மூளை முதலில் அடிபடுகிறது: பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். இதற்கு வெர்னிக்கி நோய் என்று பெயர். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். பாதம் மரத்துப்போவதும் தயமின் குறைவால் வரும்; தையல் மிஷின் பெடலை மிதிக்கும்போது அது தெரியவரும்.

இத்தனைக்கும் 500 மில்லி, 5 சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய 100 கலோரி. பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்பது நம் ஊரில் ஊறிப்போன மூடநம்பிக்கை. அதை வளர்க்கும் கிளினிக்குகள் மீது எனக்குக் கோபம் உண்டு. பி1 ஊசி மிக மலிவு. காப்புரிமை இல்லாத மருந்தை யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்ற ஆய்வுக்குக் கம்பெனிகள் பணம் போடாது; அரசுதான் போட வேண்டும்.

கேள்வி கேட்டவர் இன்றைக்கே செய்ய வேண்டியது: கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள். வழியில் வேறு கிளினிக்குக்குப் போக நேர்ந்தால், "இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கு, முதல்ல பி1 ஊசி போடுங்க" என்று சொல்லுங்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் ஏற்ற நார்மல் சலைன், அதாவது சர்க்கரை இல்லாத உப்புநீர் பாட்டில், இருக்கிறது. குளுக்கோஸ் தேவைப்பட்டால் பி1 போட்ட பிறகு, குறைந்தது அதோடு சேர்த்தே. பார்வையோ நடையோ மாறியிருந்தால் வண்டி ஓட்டாமல், யாரையாவது அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். அங்கே 200 முதல் 500 மில்லிகிராம் வரை நரம்பு வழியாகத் தயமின் ஏற்றுவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.