பச்சைப் புல் நிறைந்தும் காடை தங்காத நிலம்

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னஸி, மிசூரி மாநிலங்கள் பக்கம் வேட்டைக்காக நிலம் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "காடை வரணும்னா என்ன விதைக்கலாம்?" என்பதுதான். இப்போது அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொல்வேன். பெரும்பாலான பழைய மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்திருப்பது டால் ஃபெஸ்க்யூ என்ற புல். அது இருக்கும்வரை என்ன விதைத்தாலும் காசுதான் வீண்.

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு, வேட்டை நிலத்தில் வனவிலங்குக்கு வாழிடம் அமைப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. 1937-இல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. சொந்தக் காசைப் போட்டு நிலத்தைச் சீர்படுத்த முன்வருகிறவர்களிலும் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர். காடைக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் இவர்களோடுதான் வேலை செய்ய வேண்டும்.

டால் ஃபெஸ்க்யூ ஐரோப்பியப் புல். 1931-இல் கென்டக்கியின் மெனிஃபி கவுண்டியில், ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் செழித்து நின்ற இந்தப் புல்லைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கவனித்தார். 1943-இல் அது 'கென்டக்கி 31' என்ற ரகமாக வெளிவந்தது. மண்ணரிப்பைத் தடுத்தது, வறட்சியைத் தாங்கியது, எவ்வளவு மேய்ந்தாலும் திரும்பத் தளிர்த்தது. விவசாயிகள் விரும்பி விதைத்ததில் தப்பே இல்லை. இன்று அமெரிக்காவில் சுமார் 3.5 கோடி ஏக்கரில் அது இருக்கிறது. அந்த வீரியத்துக்கு முக்கியக் காரணம், புல்லுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சை. அது உண்டாக்கும் நச்சுகளில் சில புல்லைப் பூச்சிகளிடமிருந்து காக்கின்றன. வேறு சில நச்சுகளால் மாடுகள் கோடையில் உடல் சூடேறி இளைக்கும், குளிர்காலத்தில் கால் குளம்பு வரை கெடும்.

காடைக்கு என்ன கெடுதல் என்று தெரிய வேண்டுமானால், நிலத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து புல்லைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே பச்சை, கீழே பழைய புல்தாள் மக்காமல் அடர்ந்து கிடக்கும், மண்ணே கண்ணில் படாது. இங்குள்ள காடை இனமான பாப்ஒயிட்டின் குஞ்சு பொரிந்து வெளியே வரும்போது கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். முதல் இரண்டு வாரம் அதற்குப் பூச்சிதான் முக்கிய உணவு. இந்த அடர்த்திக்குள் அதால் ஓட முடியாது, ஓடினாலும் தின்னப் பூச்சி குறைவு. நாட்டுப் புற்களான லிட்டில் புளூஸ்டெம், பிக் புளூஸ்டெம், இண்டியன் கிராஸ் எல்லாம் குத்துக்குத்தாக வளரும். குத்துகளுக்கு நடுவே வெறும் மண், தலைக்கு மேலே பருந்து பார்க்காதபடி மறைப்பு. காடை கூடு கட்டுவதும் போன வருடத்துக் காய்ந்த குத்தின் அடியில்தான். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பாப்ஒயிட் எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருக்கிறது. எல்லாப் பழியையும் ஃபெஸ்க்யூ மேல் போட முடியாது. ஆனால் நில உரிமையாளர் தன் கையால் மாற்றக்கூடிய காரணங்களில் இது முதல் வரிசையில் வரும்.

சரி, ஃபெஸ்க்யூவை அழிக்கக் களைக்கொல்லியை எப்போது அடிப்பது? உறைபனி விழுந்த பிறகு. நாட்டுப் புற்கள் கோடையில் வளர்ந்து, உறைபனியோடு செம்புநிறமாகி உறங்கிவிடும். ஃபெஸ்க்யூ குளிர்காலப் புல், நவம்பரிலும் பளிச்சென்று பச்சையாக நிற்கும். அந்தச் சில வாரங்களில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தால் பச்சையாக இருப்பது சாகும், உறங்குவது பிழைக்கும். வசந்தத்தில் அடித்தால் இந்தப் பாகுபாடு கிடைக்காது, நாட்டுச் செடிகளும் சேர்ந்து போகும்.

தயாரிப்பு கோடையின் கடைசியிலேயே தொடங்க வேண்டும். மேய்த்தோ, வெட்டி வைக்கோலாகக் கட்டி எடுத்தோ, எரித்தோ பழைய புல்தாளை அகற்றுங்கள். வெட்டியதை அங்கேயே விட்டால் மருந்து அதன் மேல்தான் விழும். பிறகு 6 முதல் 10 அங்குலம் வரை புதிதாகத் தளிர்க்க விடுங்கள், இலை இருந்தால்தான் மருந்து வேருக்கு இறங்கும். 41 சதவீத கிளைபோசேட் ஏக்கருக்கு 2 குவார்ட் (சுமார் 1.9 லிட்டர்) என்பது பொதுவான அளவு. வெயில் அடிக்கிற, காற்றில்லாத நாளாகப் பாருங்கள். ஓடை ஓரத்தில் நீர்நிலைக்கென அனுமதிக்கப்பட்ட மருந்து மட்டும்தான். லேபிளில் எழுதியிருப்பது இங்கே சட்டம்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை: பொறுத்திருப்பது. அடுத்த வசந்தத்தில் நிலம் பழுப்பாகக் கிடக்கும். பக்கத்து நிலத்துக்காரர் "எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்பார். உடனே விதை மூட்டை வாங்கிவிடாதீர்கள். மண்ணில் பல வருடமாகக் கிடக்கும் விதைகள் எழும்பும்: மஞ்சள் பூவோடு பார்ட்ரிட்ஜ் பீ, ராக்வீட், பிளாக்பெரி, புரூம்செட்ஜ். ராக்வீட் வெறும் களை என்று வெட்டப் போகிறவர்களைத் தடுப்பதே என் வேலையில் பாதி. அதன் விதை காடைக்குக் குளிர்கால உணவு, அதன் நிழல் குஞ்சுக்குக் குடை. ஒரு முழுக் கோடை பார்த்துவிட்டு, எதுவும் வராத இடத்தில் மட்டும் விதையுங்கள். தப்பிப் பிழைத்த ஃபெஸ்க்யூவை அடுத்த உறைபனிக்குப் பிறகு மறுபடி அடியுங்கள்.

கூண்டில் வளர்த்த காடைகளை வாங்கி விடுவது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலானவை சில வாரங்களிலேயே பருந்துக்கும் நரிக்கும் போய்விடும்.

மாடு வைத்திருப்பவர்கள் முழு நிலத்தையும் மாற்றத் தேவையில்லை. வேலி ஓரம், வயல் மூலைகள், புதர்க்காட்டை ஒட்டிய பட்டைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். திருத்திய நிலத்தை வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம், பயிற்சி பெற்றவரை வைத்து முறைப்படி எரித்து வந்தால் மரக்கன்றுகள் மூடாது. பல மாநிலங்களில் வனவிலங்குத் துறையின் தனியார் நில நிபுணர் இலவசமாகவே வந்து பார்ப்பார். அமெரிக்க வேளாண் துறையின் ஈக்யூஐபி (சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம்) வழியாக செலவில் ஒரு பங்கும் கிடைக்க வாய்ப்பு உண்டு. நவம்பரில் தெளிக்க வேண்டுமென்றால் ஜூலையிலேயே அந்த நிபுணரைக் கூப்பிட்டுவிடுங்கள், இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.