க்யூ ஏன் கோணுகிறது?

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூலின் மேசை மேல் ஒரு க்யூவை, அதாவது பந்தை அடிக்கும் மரக்கோலை, வைத்து விரலால் மெல்ல உருட்டிவிடுங்கள். நேரான க்யூ சத்தமில்லாமல் உருளும். கோணிய க்யூவின் நுனி தத்தித் தத்திப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் தோல் டிப்புக்கும் மேசைத் துணிக்கும் நடுவே வெளிச்சக் கீற்று ஒன்று திறந்து மூடும். நான் ஆசையாக வாங்கிய முதல் க்யூ ஒரே மழைக்காலத்தில் இப்படித் தத்தத் தொடங்கியது. அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். விற்றவரை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார். மரம் தன் இயல்புப்படி நடந்துகொண்டது. எனக்குத்தான் அந்த இயல்பு தெரிந்திருக்கவில்லை.

வெட்டி, அறுத்து, கடைந்து, மெருகேற்றிய பிறகும் மரம் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதில்லை. வேரும் இலையும் போய்விட்டாலும் நார்களின் சுவர்கள் இருக்கின்றனவே. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றால் ஆன சுவர்கள் அவை. முதலிரண்டின் மூலக்கூறுகளில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. காற்றில் திரியும் நீராவி அருகில் வந்தால் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட நீர் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்க, மரம் உப்புகிறது. காற்று வறண்டால் பிடி தளர்கிறது, நீர் வெளியேறுகிறது, மரம் சுருங்குகிறது. மழைக்காலத்தில் நிலையோடு மல்லுக்கு நிற்கும் கதவு வெயில் வந்ததும் சாதுவாகிவிடுவதும் இதனால்தான்.

எவ்வளவு குடிக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பது, தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள அறையில் நீண்ட நாள் கிடக்கும் மரம், தன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 என்றால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 16 ஆகும். 30 என்றால் 6க்கு இறங்கும். பூல் க்யூவின் எடை பெரும்பாலும் 510 முதல் 600 கிராம் வரை. திருகு, எடைக்கட்டி, அடி ரப்பர் எல்லாவற்றையும் கழித்து 450 கிராம் உலர்ந்த மரம் என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாளிலேயே அதற்குள் 40 கிராம் தண்ணீர் இருக்கிறது. அடைமழைக்கால நிலையை எட்ட இன்னும் 30 கிராம் வேண்டும். இந்த 30 கிராமை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

உப்புவது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. க்யூவின் மெலிந்த முன்பாதியான ஷாஃப்டுக்கு மிகுதியும் பயன்படும் கடின மேப்பிள் மரத்தைப் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர வைத்தால், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 9.9 சதவீதம் சுருங்கும். நடு மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் 4.8 சதவீதம்தான். ஆகவே 13 மி.மீ. விட்டத்தில் அச்சு வட்டமாகக் கடைந்த ஷாஃப்ட், 8 சதவீத ஈரத்திலிருந்து 14க்கு ஏறும்போது ஒரு திசையில் சுமார் 0.26 மி.மீ., இன்னொரு திசையில் 0.13 மி.மீ. பெருத்து, நீள்வட்டமாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். டிப்புக்குக் கீழே வெள்ளை வளையம்போல் இருக்கும் ஃபெரூல் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது மரத்தைப்போல் உப்பாது. வறண்ட நாளில் ஃபெரூலிலிருந்து மரத்தை நோக்கி நகத்தை இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிப் போகும். ஈரமான நாளில் அதே சந்திப்பில் மெல்லிய மேடு ஒன்று நகத்தில் தட்டும். அந்த மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்துவிட்டு நிம்மதியடைகிறவர்கள் உண்டு. வெயில் காலம் வந்ததும் மரம் சுருங்கி, மேடு இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்ப்பார்கள்.

பருமனில் இவ்வளவு மாறும் மரம், நீளத்தில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. பச்சையிலிருந்து முற்றிலும் காயும்வரை எடுத்துக்கொண்டாலும் நார்களின் போக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருக்கம். அப்படியானால் க்யூ எப்படி வளைகிறது? வளைய வேண்டுமென்றால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட நீளமாக வேண்டும் அல்லவா?

அதற்கு எவ்வளவு வித்தியாசம் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 737 மி.மீ. நீளமுள்ள ஷாஃப்ட், அதாவது 29 அங்குலம். சராசரி விட்டம் 12.5 மி.மீ. என்று எளிமைப்படுத்திக்கொள்வோம். இடப்புறத்தைவிட வலப்புறம் 0.01 சதவீதம், பத்தாயிரத்தில் ஒரு பங்கு, நீண்டுவிட்டால் நடுவில் விழும் வளைவு 0.54 மி.மீ. உருட்டினால் கண்ணுக்கே தெரிகிற அளவு இது. நீளம் அதிகமாகவும் பருமன் குறைவாகவும் இருப்பதால், துக்கடா வித்தியாசத்தைக்கூட க்யூ பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. அதே மரத்தில் செய்த மேசைக்கால் இந்த அளவு வித்தியாசத்தில் வளைந்ததாகவே யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே காற்றில் ஈரம் இருப்பது மட்டும் க்யூவைக் கெடுப்பதில்லை. முழு க்யூவும் ஒரே சீராக ஈரமேறினால் கொஞ்சம் பருத்து, கொஞ்சம் கனத்து, நேராகவே இருக்கும். ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் வறண்டும் இருக்கும்போதுதான் கோணல் பிறக்கிறது. என் அலமாரிக்குப் பின்னால் நடந்தது அதுதான்: குளிர்ந்து ஓதம் ஏறிய வெளிச்சுவர் ஒருபுறம், அறையின் காற்று மறுபுறம். ஜன்னலோரம், ஏ.சி. காற்று நேராக வந்து விழும் இடம், அடுப்பங்கரையை ஒட்டிய சுவர் எல்லாம் இதே ரகம். சில ஷாஃப்டுகள் வெளியிலிருந்து தூண்டுதல் இல்லாமலும் வளையும். நார் அச்சுக்கு இணையாக ஓடாமல் சாய்வாக ஓடினாலோ, சாய்ந்து வளர்ந்த மரத்தின் இறுகிய பகுதி ஒரு பக்கம் மட்டும் கலந்திருந்தாலோ, சீரான ஈரத்துக்கும் இரு பக்கங்களும் இரு விதமாக நீளும். நல்ல கைவினைஞர்கள் ஷாஃப்டை ஒரே மூச்சில் கடைந்து முடிக்காததற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் கடைவார்கள், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள், வளைகிறதா என்று பார்ப்பார்கள், மறுபடி கடைவார்கள். வளைந்தது விறகுக்குப் போகும்.

க்யூவைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைத் தவிர. தன் எடையால் வளையும் என்பது பாதி உண்மை. ஈரம் மாறாத அறையில் சாய்ந்து நிற்கும் க்யூ அவ்வளவு எளிதில் நிரந்தரமாக வளையாது. 1960இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங், கிங்ஸ்டன் ஆகிய இருவர், பாரம் ஏற்றிய மரச்சட்டங்களின் ஈரம் மாறும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரே ஈரநிலையில் வைத்த சட்டத்தைவிட, ஈரம் மாறிய சட்டம் வெகுவாகத் தொய்ந்தது. நீர் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகள் விட்டுவிட்டுப் பிடிக்கின்றன. விடுகிற ஒவ்வொரு முறையும் பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து பிடிக்கின்றன. சாய்த்து வைத்த க்யூவின் மேல் இரவு ஈரமும் பகல் வறட்சியும் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு நாளும் ஒரு துளி வளைவு சேர்ந்துகொண்டே போகும். நிமிர்ந்து நிற்பது, தொங்குவது, முழு நீளமும் தாங்கலில் படுத்திருப்பது மூன்றும் பழுதில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். க்யூ பெட்டி ஈரத்தைத் தடுக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. தைத்த பையோ ஜிப் வைத்த பெட்டியோ நீராவியைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதன் வரத்தைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு பெரிய உதவி என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரியும். பெட்டிக்குள் 4 லிட்டர் காற்று இருக்கிறது என்று கொள்வோம். 25 டிகிரியில் காற்று எவ்வளவு முயன்றாலும் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அப்படியானால் பெட்டிக் காற்றில் அதிகபட்சம் 0.1 கிராம்கூட இல்லை. மரத்துக்குள்ளோ 40 கிராம். மூடிய பெட்டிக்குள் காற்று மரத்தை மாற்றுவதில்லை. மரம் காற்றைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறது. அந்த 30 கிராமைக் காற்றின் வழியாக மட்டுமே உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், நீராவி நிறைந்த காற்று 300 தடவைக்கு மேல் பெட்டிக்குள் வந்து, கொண்டுவந்ததை அப்படியே மரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்றிரண்டு மழை நாள்களில் நடக்கிற காரியமில்லை.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஷாஃப்டைத் துடைத்த ஈரக் கைத்துண்டைச் சுருட்டிப் பெட்டியின் பையில் செருகிவிட்டு ஜிப்பை இழுத்தால்? ஒரு நனைந்த துண்டில் 30 கிராம் தண்ணீர் அனாயாசமாக இருக்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் செய்ய வேண்டிய வேலையை அந்தத் துண்டு ஒரே வாரத்தில் செய்து முடித்துவிடும், அதுவும் தன்னை ஒட்டிய பக்கத்தில் மட்டும். பாதுகாப்புப் பெட்டிக்குள் எதிரியை வைத்துப் பூட்டுவது என்பது இதுதான்.

வெப்பமும் இதில் கூட்டு. 32 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை, ஈரம் கூட்டாமல் குறைக்காமல், வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 12 சதவீதமாக விழுந்துவிடும். மரம் வேகவேகமாகக் காயும், பசையும் இளகக்கூடும். எதிர்த்திசையில் இன்னொன்று நடக்கும். 22 டிகிரி ஏ.சி. அறையில் கிடந்த க்யூவை, 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில் திறந்தால் அதன் மேல் வியர்க்கும். அந்தக் காற்றின் பனிநிலை 27 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எதன் மீதும் நீர் துளிர்க்கும். உள்ளே எடுத்துச் சென்றாலும் வெளியே எடுத்து வந்தாலும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைப்பது நல்லது. பொறுமையில்லாதவர்களுக்கு இது கொஞ்சம் கடினம் என்பது எனக்கும் தெரியும்.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பற்றி எனக்கு அரைமனதுதான். அது ஒருவழிப் பாதை. ஈரத்தை இழுக்கத் தெரியும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. நன்றாக மூடும் பெட்டியில் நிறையப் போட்டால் மரத்தை அளவுக்கு மீறி உலர்த்தும். கசியும் பெட்டியில் ஒன்றிரண்டு போட்டால் சில நாளில் நிறைந்துபோய்ச் சும்மா கிடக்கும். இசைக்கருவிக்காரர்கள் பயன்படுத்தும் இருவழிப் பைகள் புத்திசாலித்தனமானவை. அவற்றுக்குள் இருப்பது உப்புக் கரைசல். ஒவ்வொரு உப்பின் பூரிதக் கரைசலும் தனக்கு மேலுள்ள மூடிய காற்றைத் தனக்கே உரிய ஓர் ஈரப்பதத்தில் நிறுத்திவைக்கும்: மக்னீசியம் குளோரைடு என்றால் ஏறக்குறைய 33 சதவீதம், சாப்பாட்டு உப்பு என்றால் 75. காற்று அதைவிட வறண்டால் நீரை விடும், ஈரமானால் இழுக்கும். க்யூவுக்கு 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கும் பை பொருத்தம்.

இந்த 75 சதவீதத்தை வைத்து ஒரு வேலை செய்யலாம். பெட்டிக்குள் வைக்க மலிவான ஈரப்பதமானி வாங்கியிருந்தால், அது காட்டும் எண்ணை உடனே நம்பிவிட வேண்டாம். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, ஈரப்பதமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது; அன்றிலிருந்து அது சொல்வதோடு 7 கூட்டிக்கொள்கிறேன்.

மரத்துக்குள் நீர் நுழையும் வாசல் எது என்பதும் முக்கியம். நார்களின் போக்கில் ஈரம், குறுக்கே போவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக நகரும். க்யூவின் பக்கவாட்டுக்குத் தரும் மெருகு ஈரத்தை மெதுவாக்குகிறது. ஆனால் க்யூவின் இரு பாதிகளும் திருகிச் சேரும் ஜாயின்டில் திறந்து தெரியும் குறுக்குவெட்டில் நார்க்குழாய்களின் வாய்கள் வரிசையாகத் திறந்து கிடக்கும். ஜாயின்டுக்கு மாட்டும் சிறு மூடிகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இந்த வாய்களை மூடுவது அவற்றின் வேலைகளில் ஒன்று. மூடி இல்லையென்றால் அந்த முகத்தில் கொஞ்சம் மெழுகைத் தேய்த்துவிடலாம். ஷாஃப்டைத் தண்ணீரால் கழுவுவது கூடவே கூடாது. மேற்பரப்பு நார்கள் நீரைக் குடித்து நிமிர்ந்து சொரசொரப்பாகும். அதைச் சரிசெய்ய உப்புத்தாள் எடுத்தால் மெருகும் சேர்ந்து போகும், அடுத்த முறை ஈரம் இன்னும் வேகமாக நுழையும். டிப்பில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் தூளுக்கும் கை வியர்வைக்கும் உலர்ந்த மெல்லிய துணியே போதும். ஸ்னூக்கர் ஆட்டத்துக்கான ஆஷ் மர க்யூக்களுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுவது பழைய வழக்கம். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.

கார்பன் இழை ஷாஃப்ட் வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். பின்பாதி பெரும்பாலும் மரமாகவே இருக்கும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். மரத்தைப் பொறுத்தவரை எந்த வயதிலும் வளையும். வளைந்ததை நிமிர்த்துவதுதான் கடினம். ஆவி காட்டி எதிர்ப்பக்கம் அழுத்தினால் லிக்னின் இளகி நிமிர்ந்து கொடுக்கும், அடுத்த மழையில் பழைய கோணலைத் தேடிப் போய்விடும். நானும் செய்து பார்த்தேன். அந்த முதல் க்யூ இப்போது ஆட்டத்துக்கு இல்லை. மாதம் ஒருமுறை மேசையில் உருட்டி, நடுவில் தெரியும் இடைவெளியைத் தாள்களைச் செருகி அளக்கிறேன். மழை மாதங்களில் ஒன்பது தாள் போகும், வெயில் மாதங்களில் ஐந்து. ஈரப்பதமானியைவிட அது சொல்வதைத்தான் அதிகம் நம்புகிறேன். அதற்கு 7 கூட்ட வேண்டியதில்லை.