தொட்டி இல்லாத கொதிகலன்

"தண்ணீரில் ஓடும் காரைக் கண்டுபிடித்தார்களாமே, பெட்ரோல் கம்பெனிகள் அமுக்கிவிட்டனவாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அலுக்காமல் சுற்றும் கதை இது. தண்ணீர் எரியாது, அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். ஆனால் தண்ணீரை ஆவியாக்கி உலக வேகச் சாதனையே படைத்த கார் ஒன்று உண்டு. அதைச் செய்தவர் பிரான்சின் லியோன் செர்போலே.

ஆவி பிஸ்டனைத் தள்ளும் கதை பள்ளியிலேயே படித்ததுதான். வில்லங்கம் கொதிகலனில். தொட்டி நிறையத் தண்ணீர், 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் திரவமாகவே அடைபட்டுக் கிடக்கும். எங்காவது விரிசல் விட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கும், தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகும். கொதிகலன் வெடிப்பது இப்படித்தான்.

1880களில் செர்போலே அந்தத் தொட்டியையே தூக்கிப் போட்டார். தடித்த இரும்புக் குழாயை நசுக்கித் தட்டையாக்கி, உள்ளே மெல்லிய இடுக்கு மட்டும் விட்டு, சுருளாகச் சுற்றி நெருப்பில் வைத்தார். ஒரு முனையில் பம்ப் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும். மறுமுனையில் ஆவி சீறிக்கொண்டு வரும். உள்ளே இருப்பதே சில மடக்குத் தண்ணீர்தான், குழாய் கிழிந்தாலும் பெரிதாக வெடிக்க ஒன்றுமில்லை.

சரி, குழாயை ஏன் நசுக்க வேண்டும்? நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுமே, அதுதான் காரணம். துளிக்கு அடியில் உண்டாகும் ஆவிப்படலம் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆவி வழியே வெப்பம் லேசில் கடக்காது. அகன்ற குழாயிலும் துளிகள் இப்படியே தப்பித்து ஓடும். இடுக்கில் உருள இடமேது? இரண்டு பக்கமும் சுடும் சுவர். சுவர் தடிமனாக இருப்பதால் குளிர்ந்த நீர் பட்டாலும் அதன் சூடு சட்டென்று தணிவதில்லை.

வேகம் கூட வேண்டுமா, தண்ணீரைக் கூட்டினால் போதும். பிந்தைய கார்களில் தண்ணீர் பம்பையும் நெருப்புக்கான மண்ணெண்ணெய் பம்பையும் இணைத்தே வைத்தார்: ஒன்று கூடினால் மற்றதும் கூடும். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இத்தனைக்கும் பணம் போட்டவர் ஃபிராங்க் கார்ட்னர் என்ற அமெரிக்கர். நம் ஊரிலும் பணம் போட ஆள் இருக்கிறார்கள், ஆனால் 'தண்ணீர் கார்' மோசடிகளில்! 1902 ஏப்ரல் 13 அன்று நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில், 'ஈஸ்டர் முட்டை' என்ற கூம்பு மூக்குக் காரில் செர்போலே மணிக்கு 120.8 கிலோமீட்டரைத் தொட்டார். அதற்கு முந்தைய சாதனை ஒரு மின்சாரக் காருடையது, 105.88.

ஆகஸ்டிலேயே ஒரு பெட்ரோல் கார் அதை முந்திவிட்டது. அடுப்பு சூடாகும்வரை காத்திருக்கும் வேலையும் பெட்ரோல் காரில் இல்லை. 1907இல், 48 வயதில், செர்போலே இறந்தார். அவருடைய கார் தயாரிப்பும் அத்தோடு நின்றது.