கெனன், திருமுறை, தள்ளுபடியாகமம்: எது எதைக் குறிக்கிறது?

மட்டக்களப்பில் ஒரே குடும்பத்துக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருப்பது புதுமையில்லை. அதனால் வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்ற சண்டை அநேகமாகக் கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோதான் கிளம்பும். பூசையில் தோபித்து நூலிலிருந்து வாசகம் வாசிப்பார்கள், மெதடிஸ்த மாமா தன்னுடைய வேதாகமத்தைப் புரட்டினால் அப்படியொரு நூலே அதில் இருக்காது. "அது தள்ளுபடியாகமம்" என்பார் அவர். "இல்லை மாமா, அது இணைத்திருமுறை" என்று மறுபக்கத்துப் பிள்ளை சொல்லும்.

முதலில் கெனன் என்ற சொல். கிரேக்கத்தில் கனோன் என்றால் அளவுகோல். அதற்கும் அடியில் நாணலைக் குறிக்கும் பழைய செமித்தியச் சொல் இருக்கிறது, எபிரேயத்தில் கானே. நாணல் தண்டு அளக்கும் கோலாகி, கோல் விதியாகி, கடைசியில் 'ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியல்' என்ற பொருளில் வந்து நின்றது. தமிழில் கத்தோலிக்கர் இதற்குத் திருமுறை என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் பக்கம் போய் திருமுறை என்றால் தேவாரம் திருவாசகம்தான் நினைவுக்கு வரும். அதிலும் ஒரு பொருத்தம் உண்டு. நம்பியாண்டார் நம்பி தொகுத்தவற்றோடு பெரியபுராணம் பின்னால் சேர்ந்துதான் பன்னிரண்டாயிற்று, ஆகவே பட்டியல் ஒரே நாளில் முடிவதில்லை என்பது சைவருக்கும் தெரிந்த சங்கதி.

கிறிஸ்தவப் பட்டியலும் அப்படித்தான் வந்தது. 325இல் ஆயர்களின் நிக்கேயாச் சங்கம் கூடி நூல்களைத் தெரிவு செய்தது என்று யூடியூப்பில் அடித்துச் சொல்கிறார்கள், அது கதை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி அப்படியே பட்டியலிட்டது அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா மடல்.

பழைய ஏற்பாட்டில்தான் சிக்கல். கிரேக்க மொழிபெயர்ப்பை வாசித்த ஆதித் திருச்சபையிடம் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கு, பாரூக்கு, மக்கபேயர் இரண்டு என ஏழு நூல்களும், எஸ்தர், தானியேலுக்குச் சில சேர்ப்புகளும் இருந்தன. எபிரேயப் பட்டியலில் இவை இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர்களில் ஜெரோம் தயங்கினார், அகுஸ்தீன் ஏற்றார். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1534இல் வெளியிட்ட தன் விவிலியத்தில் இவற்றை எறிந்துவிடவில்லை, இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்து, வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்க நல்லது என்றார். கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் 1546இல் இவையும் திருமுறையே என்று அறுதியிட்டது. இறந்தோருக்காகச் செபிப்பது பற்றிய இடம் 2 மக்கபேயர் 12இல் இருப்பதால் இது வெறும் பட்டியல் சண்டையாக இருக்கவில்லை, இறந்தோர் நினைவுநாளான நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்குப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையிலான சண்டையாகவும் இருந்தது. பிரித்தானிய வேதாகமச் சங்கம் 1826இல் இந்நூல்களுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு சீர்திருத்தச் சபைகளின் கைகளில் 66 நூல்களே பரவலாகத் தங்கின. கத்தோலிக்கரிடம் 73. இத்தனைக்கும் தரங்கம்பாடியில் சூல்ட்சே என்ற லூத்தரன் மிஷனரியே 1728இல் இந்நூல்களைத் தமிழில் அச்சிட்டிருந்தார்!

அதனால்தான் தள்ளுபடியாகமம் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்வதுபோல யாரோ விசாரித்துத் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணத்தை அது தருகிறது. அதன் மூலமான அப்போக்கிரிஃபா என்ற கிரேக்கச் சொல்லுக்கோ 'மறைக்கப்பட்டவை' என்றுதான் பொருள். இணைத்திருமுறை நல்ல சொல், இந்த ஏழுக்கும் அதுவே போதும். மெதடிஸ்தர் ஏற்காவிட்டாலும், கத்தோலிக்கர் எதைச் சொல்கிறார்கள் என்பதாவது விளங்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமா நற்செய்தி போன்றவற்றையும் சிலர் தள்ளுபடியாகமம் என்றே அழைக்கிறார்கள். அவற்றைக் கத்தோலிக்கரும் ஏற்பதில்லை, மெதடிஸ்தரும் ஏற்பதில்லை. அவற்றுக்குப் புறநூல் என்று தனிப்பெயர் வைப்பதே சரி. ஏனோக்கு என்ற பழைய யூத நூல் மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. புதிய ஏற்பாட்டில் யூதா தன் திருமுகத்தில் 14ஆம் வசனத்தில் அதை மேற்கோள் காட்டுகிறார், எத்தியோப்பிய ஓர்தொடொக்ஸ் சபைக்கோ அது முழுத் திருமுறை, அங்கே மொத்தம் 81 நூல்கள்.