நம்பிக்கையா, எதிர்நோக்கா?

முதல் கொரிந்தியர் 13:13-ஐ இரண்டு தமிழ் வேதாகமங்களில் எடுத்துப் படித்துப் பாருங்கள். சீர்திருத்த சபைகள் காலங்காலமாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று இருக்கும். 1995-இல் வெளிவந்த, கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. அன்பில் சிக்கல் இல்லை. ஆனால் ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் நம்பிக்கை, மற்றதில் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இரு சபையினர் சேர்ந்து ஜெபிக்கும்போது ஒருவர் சொல்லும் 'நம்பிக்கை' மற்றவர் காதில் வேறாக விழ வாய்ப்பு உண்டு.

இந்தக் குழப்பம் அகராதியோடு நின்றால் பரவாயில்லை. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த என் அத்தையிடம் ஒருவர், "நம்பிக்கையை விட்டுடாதீங்க" என்றார். அத்தை கைக்குட்டையை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஆஸ்பத்திரியில இருந்தப்போ நம்பினேன். இப்ப எதை நம்பச் சொல்றீங்க?" வந்தவரிடம் பதில் இல்லை. அத்தை கடவுளை விட்டுவிடவில்லை, அன்றிரவும் ஜெபித்துவிட்டுத்தான் படுத்தார். குணமாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு, வேதம் பேசும் நம்பிக்கை வேறு. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததுதான் சங்கடம்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம். ஆக, 'நம்பு' என்பதற்கு அன்று இருந்த பொருள் விரும்புதல். ஒருவரை உறுதியாகச் சார்ந்திருப்பது என்ற இன்றைய பொருள் பிற்பாடு ஓங்கியது. விசுவாசம் வடசொல். மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, பயமில்லாமல் நிம்மதியாக மூச்சுவிடும் நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய மொழிபெயர்ப்பில் இரண்டாவதாக நிற்கும் அந்த நம்பிக்கைக்கு, பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் பெயர் 'திக்வா'. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் இதற்குக் கயிறு, இழை என்றும் பொருள் உண்டு. யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் எரிகோ நகரத்துப் பெண் ராகாப் ஜன்னலில் கட்டும் சிவப்பு நூல் கயிற்றைச் சொல்லும் இடத்தில் வருவது இதே திக்வாதான். யோபு 7:6-இல் இரண்டு பொருளும் ஒன்றாக விளையாடுகின்றன. தன் நாட்கள் நெய்கிறவன் எறிகிற, நூலைக் கொண்டோடும் நாடாவைவிட வேகமாக ஓடி, நம்பிக்கையில்லாமல் முடிந்துபோகும் என்று யோபு புலம்புகிறார். எபிரெயத்தில் கேட்பவருக்கு 'நம்பிக்கை தீர்ந்தது' என்பதோடு 'நூல் தீர்ந்தது' என்பதும் சேர்ந்தே கேட்கும். தறியில் நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே இழை தீர்ந்துபோவதை நினைத்துப் பாருங்கள். தமிழில் இந்தச் சிலேடை தங்கவில்லை, அதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. திக்வாவோடு சேர்ந்த வினைச்சொல்லின் பொருள் காத்திருத்தல். 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்' புதுப்பெலன் அடைவார்கள் என்று ஏசாயா 40:31 சொல்வது அந்த வினையைக்கொண்டுதான்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'எல்பிஸ்'. பழைய கிரேக்கர்களுக்கு அது வெறும் எதிர்பார்ப்பு, வரப்போவது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பவுல் அதைத் துன்பத்தின் மறுமுனையில் கொண்டுபோய் வைக்கிறார். 'உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும்' உண்டாக்குகிறது என்பது ரோமர் 5-இல் வரும் வரிசை. இங்கே பரீட்சை என்றதும் நமக்குத் தேர்வு அறைதான் ஞாபகம் வரும். பவுல் சொல்வது சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மையை, உரைகல்லில் நின்ற பொன்னைப்போல. குணமாவார் என்ற எதிர்பார்ப்பு பொய்த்த பிறகும் மிஞ்சுவதைத்தான் அவர் எல்பிஸ் என்கிறார்.

இப்போது எதிர்நோக்கு. எதிர், நோக்கு: முன்னால் வருவதைப் பார்த்து நிற்பது. 'நல்ல செய்தியை எதிர்நோக்கியிருக்கிறோம்' என்கிறோம். 'நெருக்கடியை எதிர்நோக்குகிறோம்' என்றும் எழுதுகிறோம். எல்பிஸைப்போலவே இதுவும் இரண்டு பக்கமும் போகும் சொல். துன்பத்தை நேருக்கு நேர் பார்ப்பதும் அதற்கு அப்பால் பார்ப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் எல்பிஸுக்குச் சரியான தமிழ் எது என்று கேட்டால், நான் எதிர்நோக்கு என்றே சொல்வேன். பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவன் நான், இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் நிருபம் 4:13-ஐயும் இதோடு வைத்துப் படிக்க வேண்டும். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே வேண்டாம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு, 'அழக்கூடாது, அவர் கர்த்தரிடம் போயிருக்கிறார்' என்று அதட்டுபவர்களும் உண்டு. 'மற்றவர்களைப்போல' என்ற சொல்லை அவர்கள் தாண்டிப்போய்விடுகிறார்கள். இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு அழுதார்.

அப்புறம் ஒன்று. எதிர்நோக்கு எழுத்துக்கும் பிரசங்கத்துக்கும் சரி. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் "எதிர்நோக்கோடு இருங்க" என்று யாரும் பேசுவதில்லை, பேசினாலும் செயற்கையாக இருக்கும். அங்கே 'காத்திருப்போம்' என்று சொல்லலாம், எபிரெய வினைக்கும் அதுதானே பொருள். மறுமுறை அத்தையைப் பார்க்கப் போனபோது நான் அதைக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.