சாறு பாதி, தோல் மீதி

முதல் தடவை ஆரஞ்சு கார்டியல் (தண்ணீர் கலந்து குடிக்கிற கெட்டியான இனிப்புப் பழச்சாறு) செய்தபோது பழத்தைத் தோலோடு வட்ட வட்டமாக நறுக்கி, சர்க்கரைப் பாகில் போட்டுக் கொதிக்க விட்டேன். ராத்திரி ருசி பார்த்தேன், அருமை. காலையில் அதே பாட்டிலில் இருந்து ஒரு வாய் குடித்தால் நாக்கு சுருங்குகிற அளவுக்குக் கசப்பு.

காரணம் லிமோனின் என்ற கசப்புப் பொருள். பழம் முழுசாக இருக்கும்வரை தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பஞ்சிலும், சுளையைச் சுற்றிய சவ்விலும் அதன் முந்தைய வடிவம்தான் இருக்கிறது. அதற்குக் கசப்பே கிடையாது. நறுக்கிப் பிழிந்ததும் அது புளிப்புச் சாற்றோடு கலந்து, அமிலத்தால் மெல்ல மெல்ல லிமோனினாக மாறுகிறது. சூடு சேர்ந்தால் வேகம் கூடும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். அடியில் தொப்புள் போல் இருக்கிற நேவல் ஆரஞ்சு வகையில் இந்தத் தொல்லை அதிகம். நான் வாங்கி வந்ததும் அதுதான். வந்த கசப்பை எத்தனை சர்க்கரை போட்டும் விரட்ட முடியவில்லை.

அப்படியென்றால் தோலே வேண்டாமா? அதுவும் சரிப்படாது. எலுமிச்சைத் தோல் ஒரு துண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, மேல்புறம் வெளியே இருக்கும்படி மடித்துப் பாருங்கள். பனித்துளி போல நுண்ணிய சாரல் தெறிக்கும். தோலில் குண்டூசி குத்தியது போல் தெரிகிற புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. எலுமிச்சை என்று நம் மூக்கு அடையாளம் காண்கிற வாசனையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சாற்றில் இருப்பது முக்கியமாகப் புளிப்பு. அந்த எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன் என்ற மணப்பொருள். (லிமோனின் வேறு, லிமோனீன் வேறு, பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.) ஆனால் எலுமிச்சைக்கு அதன் முகத்தைக் கொடுப்பது சில சதவீதமே உள்ள சிட்ரால் என்ற இன்னொரு மணப்பொருள்.

ஆகவே நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும், வெள்ளையைத் தொடக் கூடாது. அடுத்த சிக்கல், எண்ணெய் தண்ணீரோடு சேராது. இங்கேதான் சர்க்கரை இனிப்பைத் தாண்டி ஒரு வேலை செய்கிறது. சீவிய தோலைச் சர்க்கரையில் போட்டு நன்றாகக் கசக்கி, மூடி நாலைந்து மணி நேரம் வையுங்கள். படிகங்களின் கூர் முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கின்றன. தோலின் செல்களுக்குள் இருக்கும் நீரைச் சர்க்கரை வெளியே இழுப்பதால் செல்கள் துவண்டு போகின்றன. திறந்து பார்த்தால் தோல் சுருண்டிருக்கும், சர்க்கரை ஈர மணல் போலாகி, மூக்கைத் துளைக்கிற மணத்தோடு இருக்கும். 300 கிராம் சர்க்கரைக்கு 250 மில்லி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கலக்கி வடிகட்டினால் முடிந்தது.

அடுப்பே தேவையில்லை. அறை வெப்பத்தில் தண்ணீர் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரையைக் கரைக்கும், பொறுமையாகக் கலக்கினால் போதும். கொதிக்க வைத்தால் முதலில் பறப்பது மணம்தான். சமையலறை முழுக்கக் கமகமக்கிறது என்றால் அத்தனையும் பாட்டிலை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

கெடாமல் இருப்பது எப்படி? எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-லிருந்து 2.6 வரை. பெரும்பாலான பாக்டீரியா அதில் பெருகாது. ஈஸ்டும் பூஞ்சையும் புளிப்புக்கு அசைந்து கொடுக்காது. அவற்றுக்குக் கிடைக்கிற தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொண்டால்தான் அடங்கும். ஸ்காட்லாந்துக்காரரான லாக்லன் ரோஸ் 1867-இல் காப்புரிமை பெற்ற முறையின் சாரமும் இதுதான்: லைம் சாற்றைக் காக்க மதுவுக்குப் பதிலாகச் சர்க்கரை. மேலே சொன்ன அளவில் சர்க்கரை எடையில் 55 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அது ஈஸ்டைத் தடுக்கப் போதாது, அதனால் ஃப்ரிட்ஜ் கட்டாயம். மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு இனிப்பா என்று தோன்றும். சர்க்கரை அமிலத்தை முறிப்பதில்லை, நாக்கை ஏமாற்றுகிறது, அவ்வளவே. தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டதும் அந்த ஏமாற்று பாதி கலைந்துவிடும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். பாட்டிலிலேயே சரியான இனிப்பாகச் செய்துவிட்டால் தம்ளரில் சப்பென்று இருக்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மணம் நிலைக்காது. அமிலத்தில் கிடக்கும் சிட்ரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, நாளாக ஆக வார்னிஷ் போன்ற ஒரு வாடை எட்டிப் பார்க்கும். நான் சின்ன பாட்டிலில்தான் போட்டு வைக்கிறேன்.